கீமோவும் இதயமும்: எக்கோ அறையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் எக்கோ, அதாவது ஒலி அலையால் இதயத்தைப் படம் பிடிக்கும் ஸ்கேன், எடுக்கும் டெக்னீஷியன். கீமோ போட்டுக்கொள்பவர்கள் என் அறைக்கு வந்து இடது பக்கம் ஒருக்களித்துப் படுத்ததும், ஜெல் சில்லென்று படும் நேரத்தில், ஏறக்குறைய ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். வேலைக்கு நடுவே அரைகுறையாகப் பதில் சொல்லி அனுப்புவது எனக்கே உறுத்தியது. அதனால் கூட வேலை செய்யும் இதய டாக்டர்களிடமும் கேன்சர் டாக்டர்களிடமும் கேட்டுச் சரிபார்த்து எழுதி வைத்தேன். மருந்தைக் குறைப்பதும் நிறுத்துவதும் உங்கள் டாக்டரின் முடிவு. இதைப் படித்துவிட்டு நீங்களாக எதையும் நிறுத்தாதீர்கள்.

கேன்சர் இருக்கிறது வேற இடத்துல. ஹார்ட்டை எதுக்குப் பார்க்கிறீங்க?

மருந்து ரத்தத்தில் கலந்து உடம்பு முழுவதும் போகிறது. கட்டிக்கு மட்டும் போய்ச் சேர் என்று அதற்கு விலாசம் எழுதி அனுப்ப முடியாது. சில மருந்துகள் போகிற வழியில் இதயத் தசையையோ ரத்தக் குழாயையோ சீண்டிவிடும்.

முதல் கீமோவுக்கு முன் எடுக்கும் எக்கோ, உங்களுக்கு இதய நோய் இருக்கிறது என்ற சந்தேகத்தில் எடுப்பது அல்ல. பின்னால் ஒப்பிட்டுப் பார்க்க ஓர் ஆரம்பக் கணக்கு வேண்டும், அவ்வளவுதான். அது இல்லாமல் ஆறு மாதம் கழித்து எக்கோ எடுத்தால், திரையில் தெரியும் குறை மருந்தால் வந்ததா, பல வருடமாக இருப்பதா என்று யாராலும் சொல்ல முடியாது.

கீமோன்னாலே ஹார்ட் கெட்டுப் போயிடுமா?

இல்லை. கீமோ போட்டுக்கொள்ளும் பெரும்பாலானவர்களுக்கு இதயம் பாதிக்கப்படுவதில்லை. எந்த மருந்து, எவ்வளவு, உங்கள் இதயம் ஏற்கெனவே எப்படி இருந்தது என்பதைப் பொறுத்தது. 65 வயதுக்கு மேற்பட்டவர்கள், சின்னக் குழந்தைகள், பிரஷர், சர்க்கரை, புகைப் பழக்கம் உள்ளவர்கள், ஏற்கெனவே இதய நோய் வந்தவர்கள், மார்பில் ரேடியேஷன் வாங்கியவர்கள், இவர்களுக்குக் கவனம் கூடுதலாக வேண்டும்.

இன்னொன்று, ‘ஹார்ட் பாதிப்பு’ என்று ஒரே பெயரில் சொன்னாலும் அது ஒரே வியாதி அல்ல. டாக்ஸோரூபிசின் தசையைத் தளர்த்தும். 5-எஃப்யூ ரத்தக் குழாயை இறுக்கிப் பிடிக்கும். சிஸ்பிளாட்டின் ரத்தம் உறைவதற்கு வழி செய்யும். பேக்ளிடாக்செல் நாடித் துடிப்பை மெதுவாக்கும். பெரும்பாலும் தொந்தரவு தராது. ஒருவகை ரத்தப் புற்றுநோய்க்குத் தரும் ஆர்சனிக் ட்ரையாக்ஸைடு துடிப்பின் தாளத்தைக் குலைக்கக்கூடும் என்பதால் அதற்கு ஈசிஜிதான் முக்கியம். பெவாசிசுமாப், சுனிடினிப் போன்றவை பிரஷரை ஏற்றும். பக்கத்து படுக்கைக்காரருக்கு வந்தது உங்களுக்கும் வரும் என்று நினைத்துக்கொள்ள வேண்டியதில்லை. அவர் மருந்து வேறு.

அந்தச் சிவப்பு மருந்துன்னா மட்டும் ஏன் எல்லாரும் பயப்படுறாங்க?

அதுதான் டாக்ஸோரூபிசின். அட்ரியாமைசின் என்பது பழைய பெயர். இத்தாலியில் ஏட்ரியாட்டிக் கடலை ஒட்டிய பகுதியின் மண்ணில் கிடைத்த ஒரு நுண்ணுயிரிலிருந்து வந்ததால் அந்தக் கடலின் பெயரையே வைத்துவிட்டார்கள். எபிரூபிசின், டானோரூபிசின், இடாரூபிசின் எல்லாம் அதே குடும்பம். மார்பகப் புற்றுநோய், லிம்போமா எனும் நிணநீர்ப் புற்றுநோய், ரத்தப் புற்றுநோய், எலும்பு, தசை போன்றவற்றில் வரும் சார்கோமா என்று பல இடங்களில் இன்றைக்கும் இதை விட்டால் ஆள் இல்லை. மருந்து ஏறிய ஓரிரு நாள் சிறுநீர் சிவப்பாகப் போகும். அது மருந்தின் நிறம், ரத்தம் அல்ல.

பயத்துக்குக் காரணம் உண்டு. செல் பிரியும்போது டிஎன்ஏ இழையை வெட்டி ஒட்ட டோபோஐசோமரேஸ் என்ற நொதி வேண்டும். மருந்து அதைப் பிடித்துக்கொள்ள, கேன்சர் செல் சாகிறது. அதே நொதியின் தம்பி மாதிரி ஒன்று இதயத் தசைச் செல்லிலும் இருக்கிறது. மருந்து அதையும் பிடித்துக்கொள்கிறது. செல்லுக்குள் சக்தி தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியா நசிந்துபோகிறது. இதயத் தசையில் வருடத்துக்கு 1 சதவீதம் செல்கூடப் புதிதாக உருவாவதில்லை. முடி கொட்டினால் முளைக்கும், இது முளைக்காது. அதனால்தான் ஒவ்வொரு டோஸின் பாதிப்பும் முந்தையதோடு கூடிக்கொண்டே போகிறது.

கூடிக்கிட்டே போகும்னா, எவ்வளவு வரைக்கும் தாங்கும்?

உடல் பரப்பளவில் ஒரு சதுர மீட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்று கணக்கு வைப்பார்கள். 2003-இல் வெளியான ஓர் ஆய்வில், மொத்தம் 400 மில்லிகிராம் ஆனபோது சுமார் 5 சதவீதம் பேருக்கும், 550 ஆனபோது 26 சதவீதம் பேருக்கும், 700 ஆனபோது 48 சதவீதம் பேருக்கும் இதயச் செயலிழப்பு வந்திருந்தது. அதனால்தான் பொதுவாக 450 முதல் 550-க்குள் நிறுத்திவிடுகிறார்கள். இது ஒரு வருடக் கணக்கு அல்ல, வாழ்நாள் கணக்கு. பத்து வருடம் கழித்து வேறு கேன்சர் வந்தாலும் பழைய டோஸைச் சேர்த்துத்தான் எண்ணுவார்கள்.

உங்கள் கணக்கையும் போட்டுப் பாருங்கள். மார்பகப் புற்றுநோய்க்கு வழக்கமாக 60 வீதம் 4 சைக்கிள் (சுற்று), ஆக 240. லிம்போமாவுக்கு 50 வீதம் 6 சைக்கிள், ஆக 300. இரண்டுமே வரம்புக்குள்தான் இருக்கின்றன. ஆனால் 240-இலும் சிலருக்குப் பாதிப்பு வருவதுண்டு. வரம்பு என்பது சுவர் இல்லை, சரிவு. எபிரூபிசினுக்கு வரம்பு வேறு, சுமார் 900. எண்ணை மட்டும் பார்த்து, பக்கத்து படுக்கைக்காரரோடு ஒப்பிட்டுப் பதற வேண்டாம்.

பம்பிங் 60-ன்னு போட்டிருக்கு. மீதி 40 சதவீதம் ஹார்ட் வேலை செய்யலையா?

வாரம் ஒருவராவது இதைக் கேட்கிறார்கள். பரீட்சை மார்க் போல 100-க்கு எண்ணுவதால் வரும் குழப்பம். இதயத்தின் இடது கீழறையில் 100 மில்லி ரத்தம் நிரம்பினால் ஒரு துடிப்பில் 60 மில்லி வெளியே போகிறது என்று அர்த்தம். எவ்வளவு ஆரோக்கியமான இதயமும் ஒரே துடிப்பில் முழுவதையும் காலி செய்யாது. ஏறக்குறைய 55 முதல் 70 வரை இருந்தால் நல்ல பம்பிங்.

போன தடவை 62, இப்ப 57. ஹார்ட் கெட ஆரம்பிச்சிடுச்சா?

இதை வைத்து அப்படிச் சொல்ல முடியாது. சாதாரண எக்கோவில் ஒரே ஆளுக்கு ஒரே வாரத்தில் இரண்டு முறை எடுத்தாலே ஐந்தாறு புள்ளி முன்னே பின்னே வரும். எடுப்பவர் கை, மெஷின், அன்றைக்கு இருந்த காய்ச்சல், ரத்தச் சோகை, ஏற்றிய குளுக்கோஸ், நாடித் துடிப்பு எல்லாம் எண்ணை அசைக்கும். இடது மார்பகத்தை அகற்றியவர்களுக்கும், மார்பகத்தை மறுபடி அமைக்க அங்கே எக்ஸ்பேண்டர் என்ற பை வைத்தவர்களுக்கும் படம் தெளிவாக விழுவதே கஷ்டம். நாங்கள் புரோபை, அதாவது மார்பில் வைக்கும் கருவியை, அழுத்தி அழுத்தித் தேடுவது அதனால்தான். மன்னித்துக்கொள்ளுங்கள்.

டாக்டர்கள் பொதுவாகப் பார்க்கும் கோடு இது: முதல் எண்ணிலிருந்து 10 புள்ளியாவது இறங்கி, அதே நேரத்தில் 50-க்குக் கீழேயும் போயிருக்க வேண்டும். முடிந்தவரை ஒரே இடத்தில், ஒரே மெஷினில் எடுத்துக்கொள்ளுங்கள். மூன்று இடத்தில் எடுத்த மூன்று எண்களை வரிசையாக வைத்துக்கொண்டு தூக்கம் கெடுவதில் பயனில்லை.

எக்கோ நார்மல்தானே? அப்புறம் எதுக்கு ஸ்ட்ரெயின், ரத்த டெஸ்ட் எல்லாம்?

பம்பிங் எண் கடைசியாகத்தான் இறங்கும். தசையில் கொஞ்சம் செல் போனாலும் மீதிச் செல்கள் இழுத்துப் பிடித்துச் சமாளிக்கும். ஸ்ட்ரெயின் என்பது தசை இழை எவ்வளவு சுருங்குகிறது என்று தனியாக அளப்பது. அதனால் பம்பிங் இறங்கும் முன்பே அது மாறிவிடும். ரிப்போர்ட்டில் மைனஸ் 20 என்று பார்த்துப் பதறி ஓடி வந்தவர்கள் உண்டு. சுருங்கினால் நீளம் குறையும், அதனால் மைனஸ். கெட்ட செய்தி அல்ல. அது மைனஸ் 16 ஆகிவிட்டால், அதாவது முதல் அளவிலிருந்து 15 சதவீதத்துக்கு மேல் தளர்ந்துவிட்டால், டாக்டர் கவனிக்க ஆரம்பிப்பார்.

ட்ரோபோனின் என்பது இதயச் செல் உடையும்போது ரத்தத்தில் கசியும் புரதம். பிஎன்பி, இதயச் சுவர் இழுபடும்போது ஏறுவது. எக்கோ, ரத்தம், ஈசிஜி மூன்றையும் சேர்த்துப் பார்த்தால்தான் படம் முழுசாகும்.

படி ஏறினா மூச்சு வாங்குது, நெஞ்சு படபடங்குது. இது கீமோ களைப்பா, ஹார்ட்டா?

படபடப்புக்கும் மூச்சு வாங்குவதற்கும் ரத்தச் சோகை மிகப் பொதுவான காரணம். காய்ச்சல், உடம்பில் நீர் குறைவது, தைராய்டு, பயம் எல்லாமும் நாடியை ஓட வைக்கும். டோசிடாக்செலும் ஸ்டீராய்டும் இதயத்தில் குறை இல்லாமலே கால் வீக்கம் கொண்டுவரும். ஆகவே உட்கார்ந்த இடத்தில் இருந்து நீங்களே தீர்ப்பு சொல்லிக்கொள்ள முடியாது.

ஆனால் சில அடையாளங்கள் இதயத்தின் பக்கம் கை காட்டுபவை. மல்லாந்து படுத்தால் மூச்சு முட்டுவது, இரண்டு தலையணை வைத்தால் தேவலை என்று தோன்றுவது, நடு இரவில் மூச்சுத் திணறி எழுந்து உட்காருவது, சாயங்காலம் இரண்டு பாதமும் வீங்குவது, இரண்டு மூன்று நாளில் எடை 2 கிலோ ஏறுவது. இதில் ஒன்று இருந்தாலும் அடுத்த சைக்கிள் வரை காத்திருக்காமல் சொல்லிவிடுங்கள். அப்புறம், ஒரு கால் மட்டும் வீங்கி வலித்து, திடீரென்று மூச்சும் வாங்கினால் அது ரத்தக் கட்டியாக இருக்கலாம். அதற்கும், நெஞ்சு இறுக்கத்துக்கும், மயங்கி விழுந்ததற்கும் நேராக எமர்ஜென்சிதான்.

ஊசி இல்லை, மாத்திரை கீமோதானே. அது ஹார்ட்டை ஒண்ணும் பண்ணாதே?

கேப்சிடபின் மாத்திரையைத்தான் பெரும்பாலும் கேட்கிறார்கள். உடம்புக்குள் போனதும் அது 5-எஃப்யூவாக மாறுகிறது. இந்த மருந்து சிலருக்கு இதய ரத்தக் குழாயைச் சட்டென்று இறுக்கிவிடும். குழாயில் அடைப்பே இல்லாத இளம் வயதுக்காரருக்கும் மாரடைப்பு போலவே வலி வரும். பெரும்பாலும் முதல் சைக்கிளின் முதல் சில நாட்களிலேயே வந்துவிடும்.

மாத்திரையை வீட்டில் போட்டுக்கொள்வதால் இது அதிகம் தவறிப்போகிறது. வாயு என்று நினைத்து, வலியோடு ராத்திரி டோஸையும் போட்டுக்கொள்கிறார்கள். நீங்களாக எதையும் நிறுத்தாதீர்கள் என்று ஆரம்பத்தில் எழுதியிருந்தேன். அதற்கு இது ஒன்று விலக்கு: நெஞ்சு வலி வந்தால் அடுத்த மாத்திரையைப் போடாமல் உடனே எமர்ஜென்சிக்குப் போங்கள், இந்த மாத்திரை சாப்பிடுவதை முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். வலி நின்றதும் ஈசிஜி நார்மலாகிவிடலாம். அதை வைத்து ஒன்றுமில்லை என்று வீட்டுக்கு வந்து மறுபடி மாத்திரையை ஆரம்பித்தால் வலியும் திரும்ப வரும்.

ஹெர்செப்டின் போட்டுக்கிட்டு இருந்தேன். எக்கோ பார்த்துட்டு நிறுத்திட்டாங்க. அவ்வளவுதானா?

மார்பகப் புற்றுநோய்க்குத் தரும் ஹெர்செப்டின், அதாவது டிரஸ்டுசுமாப், சிவப்பு மருந்து மாதிரி இதயச் செல்லைக் கொல்வதில்லை. ஹெர்2 என்ற புரதத்தை அடைக்கிறது. இதயச் செல்லும் தன்னைப் பழுதுபார்த்துக்கொள்ள அதே புரதத்தைத்தான் பயன்படுத்துகிறது. அதனால் இதயம் சோர்ந்துபோகும், ஆனால் மருந்தை விட்டால் வாரங்களிலோ மாதங்களிலோ பெரும்பாலும் மீண்டுவிடும். டோஸ் கூடிக்கொண்டே போகும் கணக்கும் இதற்கு இல்லை.

ஒரு வருடம் போடும் இந்த மருந்துக்கு மூன்று மாதத்துக்கு ஒரு எக்கோ எடுப்பது இதற்காகத்தான். பம்பிங் நன்றாக இறங்கியிருந்தால் குறைந்தது நான்கு வாரம் தள்ளிவைத்து, மறுபடி எக்கோ எடுத்து, ஏறியிருந்தால் தொடர்வார்கள். பலருடைய ‘நிறுத்திட்டாங்க’ உண்மையில் ‘தள்ளி வெச்சிருக்காங்க’தான். கேட்டுத் தெளிந்துகொள்ளுங்கள். 2001-இல் வெளியான பெரிய ஆய்வில் இதையும் சிவப்பு மருந்தையும் ஒரே நேரத்தில் கொடுத்தபோது 27 சதவீதம் பேருக்கு இதயப் பாதிப்பு வந்தது. அதிலிருந்துதான் ஒன்று முடிந்தபின் மற்றது என்ற வழக்கம் வந்தது.

மூச்சு வாங்குதுன்னு சொன்னா கீமோவையே நிறுத்திடுவாங்களே. சொல்லாம இருக்கலாமா?

இந்தப் பக்கத்தை எழுத உட்கார்ந்ததே இந்தக் கேள்வியால்தான். ஓர் அம்மா எக்கோ எடுக்கும்போது மெதுவாகச் சொன்னார்: “மூணு வாரமா படுக்க முடியலம்மா, உட்கார்ந்துதான் தூங்குறேன். டாக்டர்கிட்ட சொல்லிடாதே, மருந்தை நிறுத்திட்டா நான் என்ன பண்றது?” திரையில் பம்பிங் 41. நான் சொல்லாமல் இருந்தாலும் அந்த எண் சொல்லிவிடும். ஆனால் அதற்குள் மூன்று வாரம் போயிருந்தது.

டாக்டர் கையில் நிறுத்துவது மட்டும் இல்லை. மருந்தை மாற்றலாம், மெதுவாக ஏற்றலாம், இதயத்துக்கு மாத்திரை ஆரம்பித்துக்கொண்டே கீமோவைத் தொடரலாம், சில வாரம் தள்ளலாம். அந்த அம்மாவுக்கு மாத்திரை ஆரம்பித்தார்கள், மீதி சைக்கிளுக்கு வேறு மருந்து வந்தது. சிகிச்சை நிற்கவில்லை. தாமதமாகச் சொல்வதால்தான் வழிகள் குறைகின்றன. ஏன் என்று கீழே, திரும்பச் சரியாகுமா என்ற கேள்வியில் எழுதியிருக்கிறேன்.

அப்பாவுக்கு ஏற்கெனவே ஸ்டென்ட் வெச்சிருக்கு. கீமோ கொடுக்கலாமா?

கொடுக்கிறார்கள். கேன்சர் டாக்டரும் இதய டாக்டரும் சேர்ந்து முடிவெடுக்க வேண்டும், அவ்வளவுதான். இதற்கென்றே கார்டியோ-ஆன்காலஜி என்று ஒரு பிரிவு வளர்ந்திருக்கிறது. ஐரோப்பிய இதயவியல் சங்கம் 2022-இல் தனி வழிகாட்டியே வெளியிட்டது.

ஸ்டென்ட் வைத்தவர்களுக்கு ஒரு சிக்கல்: ரத்தம் உறையாமல் இருக்கத் தரும் மாத்திரையும், கீமோவால் பிளேட்லெட் இறங்குவதும் சேர்ந்தால் ரத்தக் கசிவு அபாயம். அதற்காக மாத்திரையை நீங்களாக விட்டால் ஸ்டென்ட் அடைத்துக்கொள்ளலாம். ஒவ்வொரு சைக்கிளிலும் பிளேட்லெட் எண்ணை இதய டாக்டருக்கும் தெரியப்படுத்துங்கள்.

ஹார்ட் கெடாம இருக்க முன்னாடியே ஏதாவது மருந்து இருக்கா?

டோஸ் அதிகம் தேவைப்படுபவர்களுக்கு டெக்ஸ்ராஸாக்சேன் என்ற மருந்தைச் சிவப்பு மருந்துக்குச் சற்று முன் கொடுப்பார்கள். மேலே சொன்ன அந்தத் தம்பி நொதியைச் சிவப்பு மருந்து பிடித்துக்கொள்ளாமல் தடுப்பது இதன் வேலைகளில் ஒன்று. டாக்ஸோரூபிசினையே கொழுப்புக் குமிழுக்குள் அடைத்து லிப்போசோமல் என்ற பெயரில் தருவதும் உண்டு. அது இதயத் தசைக்குள் குறைவாகவே கசியும்.

கொலஸ்ட்ரால் மாத்திரையைப் பற்றியும் கேட்கிறார்கள். 2023-இல் வெளியான ஆய்வில் லிம்போமா நோயாளிகளுக்கு அட்டோர்வாஸ்டாடின் 40 மில்லிகிராம் கொடுத்தபோது பம்பிங் கணிசமாக இறங்கியவர்கள் 9 சதவீதம், கொடுக்காதவர்களில் 22 சதவீதம். பெரும்பாலும் மார்பகப் புற்றுநோயாளிகளை வைத்து நடந்த இன்னோர் ஆய்வில் இந்தப் பலன் தெரியவில்லை. ஆகவே எல்லோருக்கும் இல்லை. பிரஷரையும் சர்க்கரையையும் கட்டுக்குள் வைப்பது, புகையை விடுவது, முடிந்த அளவு நடப்பது இவைதான் எல்லோருக்கும் பொருந்தும். ஆன்டி-ஆக்ஸிடன்ட் மாத்திரை, மூலிகைப் பொடி எல்லாம் இதயத்தைக் காத்ததாக நிரூபணம் இல்லை. சில கீமோவோடு மோதும். சாப்பிட்டே ஆக வேண்டும் என்றால் டப்பாவைக் கொண்டுபோய் டாக்டரிடம் காட்டிவிட்டுச் சாப்பிடுங்கள்.

ஹார்ட் வீக் ஆயிடுச்சுன்னு சொல்லிட்டாங்க. திரும்பச் சரியாகுமா?

எவ்வளவு சீக்கிரம் பிடித்தோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. இத்தாலியில் சிவப்பு மருந்துக் குடும்பத்தால் பாதிக்கப்பட்ட 201 பேரைப் பார்த்து 2010-இல் வெளியிட்டார்கள். கீமோ முடிந்து இரண்டு மாதத்துக்குள் இதய மருந்தை ஆரம்பித்தவர்களில் 64 சதவீதம் பேருக்குப் பம்பிங் முழுமையாக மீண்டது. ஆறு மாதத்துக்குப் பின் ஆரம்பித்தவர்களில் ஒருவருக்குக்கூட முழுமையாக மீளவில்லை. அதே குழு 2,625 பேரைத் தொடர்ந்து கவனித்து 2015-இல் எழுதியதில், பாதிப்பு வந்தது 9 சதவீதம் பேருக்கு, அதில் 98 சதவீதம் முதல் வருடத்திலேயே தெரிந்துவிட்டது.

கொடுப்பது பெரும்பாலும் பிரஷருக்கும் இதயத்துக்கும் வழக்கமாகத் தரும் எனலாப்ரில், கார்விடிலால் போன்ற மாத்திரைகள்தான். பம்பிங் ஏறியதும் ‘சரியாயிடுச்சு’ என்று விட்டுவிடாதீர்கள்.

இடது மார்பகத்துக்கு ரேடியேஷன் சொல்லியிருக்காங்க. இதயம் அங்கேதானே இருக்கு?

ஆமாம், அதனால்தான் மூச்சை ஆழமாக இழுத்துப் பிடிக்கச் சொல்லிக் கதிர் கொடுக்கும் முறை வந்தது. நுரையீரல் விரியும்போது இதயம் மார்புச் சுவரிலிருந்து விலகிக்கொள்ளும். ரேடியேஷனின் பாதிப்பு உடனே தெரியாது. பல வருடம் கழித்து ரத்தக் குழாய் அடைப்பாகவோ வால்வு தடிப்பாகவோ வரலாம். சிவப்பு மருந்தும் வாங்கியிருந்தால் இரண்டும் சேரும்.

இம்யூனோதெரபி கீமோ இல்லையே, அதுக்கும் இதெல்லாம் உண்டா?

வகை வேறு. நோய் எதிர்ப்புச் சக்தியைத் தூண்டிவிடும் இந்த மருந்துகள் அபூர்வமாக, சுமார் நூறில் ஒருவருக்கோ அதைவிடக் குறைவாகவோ, இதயத் தசையிலேயே அழற்சியை உண்டாக்கும். அபூர்வம் என்றாலும் உயிருக்கே ஆபத்தானது. பெரும்பாலும் முதல் மூன்று மாதத்துக்குள் வரும். நெஞ்சு வலி, மூச்சு வாங்குதல், தசை வலி, இமை தொங்குதல் வந்தால் அன்றைக்கே போக வேண்டும்.

சின்ன வயசுல ரத்தப் புற்றுநோய் வந்து சரியாகி 15 வருஷம் ஆச்சு. இன்னமும் எக்கோவா?

ஆமாம். வளரும் வயதில் இழந்த இதயச் செல்லின் கணக்கு, உடம்பு பெரிதாகும்போதும், பிரஷர் வரும்போதும், கர்ப்பத்திலும்தான் தெரியவரும். சிவப்பு மருந்தைச் சதுர மீட்டருக்கு மொத்தம் 250 மில்லிகிராமோ அதற்கு மேலோ வாங்கியவர்களுக்கு இரண்டு வருடத்துக்கு ஒரு முறையும், நடுத்தர அபாயம் உள்ளவர்களுக்கு ஐந்து வருடத்துக்கு ஒரு முறையும் எக்கோ என்பது இப்போதைய வழக்கம். கர்ப்பம் தரிக்கத் திட்டமிடும் பெண்கள் முன்கூட்டியே ஒன்று எடுத்துக்கொள்வது நல்லது. பிரசவம் பார்க்கும் டாக்டரிடம் பழைய கேன்சரைச் சொல்லக் கூச்சப்பட வேண்டாம்.

எவ்வளவு மருந்து ஏறிச்சுன்னு எனக்கே தெரியாது. பழைய பேப்பர் எல்லாம் போயிடுச்சு. என்ன பண்றது?

சிகிச்சை வாங்கிய இடத்தின் ரெக்கார்டு பிரிவில் கேட்டால் டிஸ்சார்ஜ் சம்மரியின் நகல் கிடைக்க வாய்ப்புண்டு. மருந்தின் பெயர், மொத்த டோஸ், சைக்கிள் எண்ணிக்கை, ரேடியேஷன் எந்தப் பக்கம், கடைசி பம்பிங் எண், இவ்வளவும் ஒரு தாளில் அடங்கும். இப்போது சிகிச்சையில் இருப்பவர்கள் ஒவ்வொரு சைக்கிள் முடிந்ததும் நர்ஸிடம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். டோஸ் மில்லிகிராமில் மட்டும் இருந்தால் அன்றைய உயரத்தையும் எடையையும் சேர்த்து எழுதுங்கள், பரப்பளவைப் பிறகு கணக்குப் போட்டுக்கொள்ளலாம். எக்கோவுக்கு வரும்போது அந்தத் தாளோடு பழைய ரிப்போர்ட்டையும் எடுத்து வாருங்கள். வாயால் சொல்லும் எண்ணை வைத்து என்னால் ஒப்பிட முடியாது.